பீட்டர் குக் போல இன்னொருவர் இல்லை

லண்டன் எல்.பி.சி. வானொலியில் கிளைவ் புல் நடத்திய இரவு நேர நேயர் நிகழ்ச்சிக்கு ஒரு நார்வேக்காரர் அடிக்கடி ஃபோன் போடுவார். பெயர் ஸ்வென். ஸ்விஸ் காட்டேஜ் பக்கம் தங்கியிருப்பதாகச் சொல்வார். மனைவி யுட்டா இவரை விட்டுவிட்டுப் போய்விட்டாள். அந்தத் துக்கத்தை அழாத குறையாகச் சொல்லிக்கொண்டே வருகிறவர், எப்படிச் சுற்றினாலும் கடைசியில் மீனில் வந்து நிற்பார். எங்கள் ஊர் ரேடியோவில் நேயர்கள் மீனைத் தவிர வேறு எதையும் பேசுவதில்லை, நீங்கள் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள் என்று ஏங்குவார். அதற்குச் சம்பளம் இல்லை, கைதட்டல் இல்லை, பெயர்கூட இல்லை. தூக்கம் வராத கொஞ்சம் பேர் கேட்டிருப்பார்கள், அவ்வளவுதான். அந்த ஸ்வென் வேறு யாருமில்லை. இருபதாம் நூற்றாண்டு பிரிட்டனின் ஆகப் பெரிய நையாண்டிக் கலைஞர், பீட்டர் குக்.

அந்தப் பதிவுகளை முதன்முதலில் கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் போயே போய்விட்டது. சிரித்து ஓய்ந்து, ஓடவிட்டு, மறுபடி சிரித்து! இவரைப் பற்றி யார் எழுதினாலும் நடுவில் ஒரு பெருமூச்சு வந்துவிடும்: எப்பேர்ப்பட்ட திறமை, குடித்தே பாழாக்கிவிட்டாரே என்று. எனக்கு அதைப் படித்தாலே கோபம் வருகிறது. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியைத் தேரைப் பாழாக்கியவன் என்று யாராவது சொல்வோமா? எதிரே இருப்பது பிரதமரா, ஒரு டெலிஃபோன் ஆபரேட்டரா என்று பார்க்காமல் அள்ளிக் கொடுத்த மனுஷன் இவர்.

1937இல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரை ஊரான டார்க்கீயில் பிறந்தார். அப்பா காலனி அரசாங்க அதிகாரி, வேலை நைஜீரியாவில். பையன் வளர்ந்ததெல்லாம் விடுதிப் பள்ளியில். ராட்லி பள்ளியில் பெரிய பையன்களின் அடியிலிருந்து தப்பிக்க, குரல் மாற்றிப் பேசிச் சிரிக்கவைப்பதுதான் இவர் கண்ட வழி. அங்கே உணவுக்கூடத்தில் வேலை பார்த்த ஒருவர், ஒன்றுமே இல்லாத சங்கதியைப் பெரிய தத்துவம் போல ஒரே சுரத்தில் பேசிக்கொண்டிருப்பாராம். அந்தக் குரலை அப்படியே பிடித்துக்கொண்டார் குக். பூங்கா பெஞ்சில் தொப்பியும் மழைக்கோட்டுமாக உட்கார்ந்து, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் உலகத்தையே கைப்பற்றத் திட்டம் போடும் ஈ.எல். விஸ்டி என்ற பாத்திரம் அதிலிருந்து பிறந்ததுதான். கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருக்கும்போதே லண்டன் வெஸ்ட் எண்டில் கென்னத் வில்லியம்ஸ் நடித்த மேடைக்கு எழுதிக்கொடுத்துச் சம்பாதித்தார். படிப்பு முடித்து வெளியுறவுத் துறைக்குப் போவதாக ஒரு யோசனை இருந்ததாம். நல்லவேளை!

1960 ஆகஸ்ட், எடின்பரோ. ஆலன் பென்னெட், ஜொனதன் மில்லர், டட்லி மூர், பீட்டர் குக் என்று நான்கு இளைஞர்கள் ‘பியாண்ட் த ஃபிரிஞ்ச்’ என்று ஒரு நிகழ்ச்சி போட்டார்கள். அடுத்த மே மாதம் அது லண்டன் ஃபார்ச்சூன் தியேட்டருக்கு வந்தபோது ஊரே திரண்டது. அதில் பிரதமர் ஹரால்ட் மேக்மில்லனாக வருவார் குக். பதவியில் இருக்கும் பிரதமரை மேடையில் வைத்துக் கேலி செய்வது அன்றைக்குக் கேள்விப்படாத துணிச்சல். ஒருநாள் மேக்மில்லனே பார்வையாளராக வந்து உட்கார்ந்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கு ஒருநாள் காரத்தைக் குறைத்திருப்பார்கள். குக் எழுதிவைத்த வசனத்தைத் தூக்கிப் போட்டார். மேக்மில்லன் குரலிலேயே, மேக்மில்லன் முகத்தைப் பார்த்தே, வேலையற்ற ஒரு மாலையில் இந்தத் துடிப்பான நையாண்டி இளைஞர்களைப் பார்க்க வந்து, அசட்டுச் சிரிப்போடு உட்கார்ந்திருப்பது எனக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமா என்ற பொருளில் பேச ஆரம்பித்துவிட்டார். வயது இருபத்தைந்து நிரம்பவில்லை. நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கிறது.

அன்றைய பிரிட்டனில் நாடகப் பிரதி ஒவ்வொன்றும் மேடையேறும் முன் லார்ட் சேம்பர்லின் என்ற அரண்மனை அதிகாரியின் பார்வைக்குப் போயாக வேண்டும். 1968 வரை இந்தத் தணிக்கை இருந்தது. உறுப்பினர்கள் மட்டும் வரும் தனியார் கிளப்புக்கு அது கிடையாது. இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார் குக். 1961 அக்டோபரில் சோஹோவின் கிரீக் தெருவில், ஆடை அவிழ்ப்பு நடனம் நடந்துவந்த ஓர் இடத்தைப் பிடித்து ‘த எஸ்டாப்ளிஷ்மென்ட்’ என்று நையாண்டி கிளப் திறந்தார். மேலே நையாண்டி, கீழே நிலவறையில் டட்லி மூரின் ஜாஸ். அமெரிக்காவின் லென்னி புரூஸை 1962இல் அங்கே மேடையேற்றினார். மறுவருஷம் புரூஸ் திரும்பி வந்தபோது உள்துறை அமைச்சகம் நாட்டுக்குள்ளேயே விடவில்லை. கிளப் அதிக காலம் நிலைக்கவில்லை. அதனாலென்ன, அதே 1962இல் நண்பர் நிக்கலஸ் லுவார்டோடு சேர்ந்து ‘பிரைவேட் ஐ’ பத்திரிகையை வாங்கியிருந்தாரே! அரசியல்வாதிகளும் கோடீஸ்வரர்களும் இன்றைக்கும் பயந்துகொண்டே புரட்டும் அந்த இதழின் முக்கிய உரிமையாளராக, சாகும் நாள்வரை இருந்தார்.

டட்லி மூரோடு சேர்ந்து 1965இல் பிபிசியில் தொடங்கிய ‘நாட் ஒன்லி… பட் ஆல்சோ’வுக்கு வருகிறேன். இரண்டு பேர், இரண்டு தொப்பி, இரண்டு மழைக்கோட்டு. ஓவியக் கூடத்தில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றபடி உலகத்து ஓவியங்களை அலசுவார்கள். அதில் குக்கின் கண்களைப் பாருங்கள். எழுதியதைப் பேசவில்லை அவர். டட்லியைச் சிரிக்கவைத்தே தீருவது என்று புதிது புதிதாகச் சேர்த்துக்கொண்டே போகிறார். வாய் நிறைய சாண்ட்விச்சோடு அடக்கமுடியாமல் டட்லி தவிக்கும் தவிப்பு இருக்கிறதே, அது நடிப்பே இல்லை! டார்சன் வேஷத்துக்கு ஒற்றைக்கால்காரர் தேர்வுக்கு வரும் நாடகம் குக் பதின்வயதில் எழுதியது. மனம் புண்படாமல் ‘முடியாது’ என்று சொல்ல அந்த ஏஜென்ட் படும் பாட்டில் எத்தனை நாகரிகம், எத்தனை கொடுமை! சர் ஆர்தர் ஸ்ட்ரீப்-கிரீப்லிங் என்ற பிரபுவும் இங்கேதான் வருகிறார். அண்டங்காக்கைகளைத் தண்ணீருக்கடியில் பறக்கப் பழக்குவதில் ஆயுளையே செலவிட்டவர், ஒன்றுகூடப் பறக்கவில்லை.

இந்தத் தொடரின் டேப்புகளில் பெரும்பகுதியை பிபிசி அழித்துவிட்டு, அதன் மேலேயே வேறு எதையோ பதிவு செய்தது. புது டேப் வாங்கும் செலவை நானே தருகிறேன், அழிக்காதீர்கள் என்று குக் கேட்டும் மறுத்துவிட்டார்கள். தன் திறமையை அவர் பாழாக்கினார் என்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

குடியை நான் மறைக்கப்போவதில்லை. எழுபதுகளில் அது அவரை விழுங்கத் தொடங்கியது. இரண்டு திருமணங்கள் முறிந்தன. ஒலிப்பதிவுக் கூடத்தில் குடித்துவிட்டு, டட்லியும் இவரும் வாய்க்கு வந்தபடி கெட்ட வார்த்தையில் பேசிய ‘டெரெக் அண்ட் கிளைவ்’ பதிவுகள் சிரிப்பில் ஆரம்பித்து, கடைசி ஆல்பத்தில் நண்பரையே குத்திக் கிழிப்பதில் முடிந்தன. அந்தக் கடைசி ஆல்பத்தை முழுசாகக் கேட்க என்னால் முடிவதில்லை. டட்லி ஹாலிவுட்டுக்குப் போய் ‘10’, ‘ஆர்தர்’ படங்களில் நட்சத்திரமானார். குக் ஹாம்ப்ஸ்டெட் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அப்படி முடிந்துபோனவர் என்று நினைத்த ஆள் என்ன செய்தார் தெரியுமா? 1979 ஜூன் மாதம். லிபரல் கட்சியின் முன்னாள் தலைவர் ஜெரமி தோர்ப் மீது கொலைச் சதி வழக்கு. நீதிபதி கேன்ட்லி ஜூரிகளுக்குச் சொன்ன தொகுப்புரை, தோர்ப்பின் பக்கம் வெளிப்படையாகச் சாய்ந்திருந்தது. 22ஆம் தேதி விடுதலை. அதே மாதக் கடைசியில் அம்னெஸ்டி அமைப்புக்காக ‘சீக்ரெட் போலீஸ்மேன்ஸ் பால்’ என்ற நகைச்சுவை மேடை நிகழ்ச்சி நடந்தது. பழைய சரக்காக இருக்கிறது, காரமே இல்லை என்று ஒரு விமரிசகர் எழுதிவிட்டார். குக் உடனே உட்கார்ந்து எழுதினார். நீதிபதி உடையில் மேடையேறி, சாட்சிகளை ஒவ்வொருவராகச் சாக்கடையில் தள்ளி, குற்றம் சாட்டப்பட்டவரை மட்டும் பட்டுத் துணியில் பொத்திவைக்கும் ஒரு தொகுப்புரையை நிகழ்த்தினார். நீதிமன்றப் பாரபட்சத்தை இதைவிடச் சுருக்கமாக, இதைவிட ஆழமாக யாரும் கிழித்து நான் பார்த்ததில்லை. அவசரத்தில் எழுதியதாம்!

குசும்பு என்றால் ராபர்ட் மேக்ஸ்வெல் கதையைச் சொல்லாமல் முடியாது. ‘டெய்லி மிரர்’ முதலாளி மேக்ஸ்வெல் 1986இல் பிரைவேட் ஐ மீது மானநஷ்ட வழக்குப் போட்டு 55,000 பவுண்டு வாங்கிவிட்டார். ஆத்திரம் தீராமல், அந்த இதழைக் கிண்டல் செய்ய ‘நாட் பிரைவேட் ஐ’ என்று ஒரு போலி இதழை மிரர் அலுவலகத்திலேயே தயாரிக்கவும் சொன்னார். குக் சண்டைக்குப் போகவில்லை. அந்தப் போலி இதழைத் தயாரித்தவர்களுக்கு ஒரு பெட்டி விஸ்கி அனுப்பினார். வேலை செய்யட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டார். பிறகு பிரைவேட் ஐ ஆட்களைக் கூட்டிக்கொண்டு மிரர் கட்டடத்துக்குள் நேராக நடந்தார். ஆசாமிகள் நிதானத்தில் இல்லை. அச்சுக்குப் போகவிருந்த மாதிரிப் பிரதியை எடுத்துக்கொண்டு, மேக்ஸ்வெல்லின் சொந்த அறைக்குள் போய், அலுவலகச் சமையற்கட்டிலிருந்தே ஷாம்பெயின் வரவழைத்து, அங்கிருந்தே நியூயார்க்கில் இருந்த மேக்ஸ்வெல்லுக்கு ஃபோன் போட்டுப் பேசினார்! கூட இருந்தவர்கள் வாழ்நாளெல்லாம் சொல்லிச் சிரித்த கதை இது. ஊரே நடுங்கிய மனிதரின் நாற்காலிக்கு முன்னால், துளி பயமில்லாமல், துளி வன்மமும் இல்லாமல்! பெரிய மனிதர்களின் அழைப்புக்கும் இதே மரியாதைதான். இளவரசர் ஆண்ட்ரூவோடு இரவு விருந்துக்கு டேவிட் ஃப்ராஸ்ட் கூப்பிட்டபோது, டைரியைப் புரட்டிவிட்டு, அன்றைக்கு டி.வி. பார்க்கும் வேலை இருக்கிறது என்றாராம்.

1994இல் அம்மாவின் சாவு அவரை உடைத்துவிட்டது. 1995 ஜனவரி 9ஆம் தேதி, ஐம்பத்தேழு வயதில் போய்விட்டார். செய்தி கேட்ட டட்லி மூர், நண்பரின் குரலைக் கேட்பதற்காகவே லண்டன் வீட்டு ஃபோனுக்கு அழைத்து, பதில் சொல்லும் மெஷினில் இருந்த குரலைக் கேட்டார் என்று படித்தபோது நான் அழுதேன்.

ஆனால் போவதற்குச் சற்று முன்னால் இரண்டு பொக்கிஷங்களைக் கொடுத்துவிட்டுத்தான் போனார். 1993 டிசம்பரில் கிளைவ் ஆண்டர்சன் நடத்திய பேட்டி நிகழ்ச்சியில் ஒரு முழுப் பகுதிக்கும் நான்கு விருந்தினர்கள். நான்கு பேரும் குக்கே. வேற்றுக்கிரகவாசிகள் தூக்கிப்போன பிஸ்கட் கம்பெனி ஊழியர், கால்பந்து மேனேஜர் ஆலன் லாட்ச்லி, குற்றவாளிக் கூண்டில் நின்றவரையே சுட்டுவிட்ட நீதிபதி, ஓய்ந்துபோன ராக் பாடகர். புதிதாகக் கேட்பவர்கள் லாட்ச்லியிலிருந்து தொடங்குங்கள். உற்சாகமூட்டும் பேச்சு என்ற பெயரில் நம்மைச் சுற்றி நடக்கும் அத்தனை வெட்டிப் பேச்சும் அந்தச் சில நிமிடங்களில் அடங்கிவிடும்.

அடுத்தது ரேடியோ 3இல் 1994இல் வந்த ‘வை பாதர்?’ அடுத்த தலைமுறை நையாண்டியின் பெரும்புள்ளி கிறிஸ் மோரிஸ் கேள்வி கேட்க, குக் மறுபடியும் சர் ஆர்தராக. கையில் பிரதி இல்லை. இரண்டு பேரும் அந்த நிமிடத்தில் தோன்றியதைப் பேசுகிறார்கள். மோரிஸ் எங்கே மடக்கினாலும், எந்தப் பைத்தியக்காரத்தனத்தை எடுத்து நீட்டினாலும், குக் அரை நொடிகூடத் தயங்காமல் அதற்கும் மேலே ஒரு படி ஏறிவிடுகிறார். ஒவ்வொன்றும் பத்து நிமிடம், மொத்தம் ஐந்து பகுதி. இன்றைக்கே கேளுங்கள். கேட்டுவிட்டு, இந்த மனிதர் தீர்ந்துபோனவர் என்று யாராவது என்னிடம் வந்து சொல்லட்டும்.