செவ்வரத்தை பருத்தியின் வகையா?

ஈழத்து வழக்கில் செவ்வரத்தை எனப்படும் செடியைத் தமிழகத்தார் செம்பருத்தி என்பர். பின்னதே திருந்திய வடிவம், முன்னது அதன் சிதைவு என்றொரு கருத்து நம்மிடையே நிலவுகின்றது. எழுதும்போது செவ்வரத்தையைத் தவிர்ப்போரும் உளர். இக்கருத்து எத்துணை வலியுடையது?

செம்பருத்தி என்பது சிவந்த பருத்தி என விரியும். கருநொச்சி நொச்சியின் வகை. செவ்வாழை வாழையின் வகை. அம்முறையில் செம்பருத்தியும் பருத்தியின் வகையாதல் வேண்டும். செந்நிறப் பூப்பூக்கும் பருத்திக்கு அப்பெயர் முற்றும் பொருந்தும். ஆயின், நாம் பேசும் செடி பஞ்சு தருவதில்லை. ஐந்து இதழ்களும், குழலாய் இணைந்த கேசரங்களும் இரண்டுக்கும் பொது. தாவரவியலார் இரண்டையும் மல்வேசியே என்னும் ஒரே குடும்பத்துள் அடக்குவர். எனினும் 1753இல் லின்னேயசு பருத்தியைக் கொசிப்பியம் எனவும் இதனை ஹைபிஸ்கஸ் எனவும் வெவ்வேறு சாதிகளிலேயே வைத்தார். உறவு உண்டு, வகைமை இல்லை.

தமிழ்ப் பெயரீட்டில் இது புதுமையன்று. நிலவேம்பு வேம்பின் வகையன்று. கசப்பால் அப்பெயர் பெற்றது. நிலப்பனை பனையன்று, இலையின் தோற்றத்தால் அப்பெயர் பெற்றது. எனவே, சிறப்புப்பெயரின் ஈற்றில் நிற்கும் பொதுப்பெயர் வகையையும் சுட்டலாம். ஒப்புமையை மட்டுமே சுட்டவுஞ் செய்யலாம்.

இனிச் செவ்வரத்தையை நோக்குவோம். செம்மை என்னும் பண்புப்பெயர் உயிரின்முன் செவ் என நிற்கும். செவ்விளநீர் என்பது போல. சிவப்பெனப் பொருள்படும் அரத்தம் என்ற சொல்லும் இலக்கிய வழக்கில் உண்டு. ஆகவே செவ் + அரத்தை எனப் பிரிக்கப் புணர்ச்சி இடந்தருகின்றது. வகரத்தின் முன்னும் செவ் வருமாதலின், பருத்தியே வரத்தையாகத் திரிந்தது என வாதிடலுங் கூடும். ஆயின், அவ்வாறு வாதிடுவோர் இடையிலுள்ள உகரம் அகரமானதற்கும் ஈற்று இகரம் ஐகாரமானதற்கும் காரணங் கூறல் வேண்டும். மலையாளம் பஞ்சுச்செடியைப் பருத்தி என்றும் இச்செடியைச் செம்பரத்தி என்றும் வேறுபடுத்துகின்றது. தமிழிலும் செம்பரத்தை என்ற வடிவம் உண்டு. அறிமுகமான பருத்தியோடு அதனை இயைத்ததால் செம்பருத்தி பிறந்தது எனக் கொள்ளவும் இடமுண்டு. அங்ஙனமாயின், திருந்திய வடிவமெனப் போற்றப்படுவதே பிற்பட்ட திரிபாகிவிடும்.

வழக்குச்சொல் சொல்வரலாற்றுக்குச் சான்று. செவ்வரத்தையை அடித்துவிட்டுச் செம்பருத்தி என எழுதுபவர் பிழையொன்றைக் களையவில்லை; ஆராயப்படவேண்டிய சான்றொன்றை அழிக்கின்றார்.