குதிரைக்கு யார் வக்கீல்?

2017 ஜனவரி. மெரினாவில் கூட்டம் உட்கார்ந்திருந்த அந்த வாரம் எங்கள் ஆபீஸில் யாருக்கும் வேலை ஓடவில்லை. டீ குடிக்கப் போனாலும் ஜல்லிக்கட்டு, லிஃப்டில் ஏறினாலும் ஜல்லிக்கட்டு. அப்போது எல்லோர் வாயிலும் இருந்த ஒரு கேள்வி: "கிண்டியில குதிரை ஓடுதே, அதை மட்டும் ஏன் விட்டுட்டாங்க?" நானும் சொன்னேன். ஒரு தடவை இல்லை, பத்து தடவை சொல்லியிருப்பேன். நல்ல வாதம் என்றுதான் நினைத்தேன்.

ரொம்ப நாள் கழித்து, கொஞ்சம் நிதானமாக இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளையும் உட்கார்ந்து படித்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. அந்தக் கேள்வியைக் கேட்ட எங்களில் ஒருவருக்கும் குதிரையைப் பற்றி அக்கறை இல்லை. காளைக்காகப் பேச குதிரையை ஒரு உதாரணமாக இழுத்தோம், அவ்வளவுதான். இன்னும் பின்னால் போய்ப் பார்த்தால், நம் ஊரில் குதிரைப் பந்தயம் விவாதத்துக்கு வந்த ஒவ்வொரு தடவையும் இதே கதைதான்.

முதலில் 1974. தமிழக அரசு குதிரைப் பந்தயத்தையும் அதன்மேல் பணம் கட்டுவதையும் ஒழிக்க ஒரு சட்டம் கொண்டுவந்தது. காரணம் குதிரை இல்லை, குடும்பங்கள். எங்கள் பெரியப்பா ஒருத்தர் சம்பள நாளன்று கிண்டிக்குப் போய், திரும்பி வரும்போது பஸ்ஸுக்குக் காசில்லாமல் நடந்தே வந்தவர். அவரை மாதிரி ஆட்களை மனதில் வைத்துப் போட்ட சட்டம் அது. அதில் தப்பில்லை. 1986இல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் வந்தது. இரண்டும் நீதிமன்றத்துக்குப் போயின.

1996 ஜனவரியில் தீர்ப்பு. டாக்டர் கே. ஆர். லட்சுமணன் வழக்கு என்பார்கள். நீதிமன்றம் எடுத்துக்கொண்ட முக்கியக் கேள்வி: குதிரைப் பந்தயம் திறமையா, அதிர்ஷ்டமா? குதிரையின் பரம்பரை, பயிற்சி, போன பந்தயங்களில் ஓடிய விதம், ஜாக்கியின் திறமை, இதையெல்லாம் எடைபோட்டுத்தான் பணம் கட்டுகிறார்கள். ஆகவே இது திறமை சார்ந்தது, சூதாட்டம் இல்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அந்தச் சட்டங்கள் கிளப்பைக் கட்டுப்படுத்தாது என்றும் ஆனது.

சட்டக் கேள்விக்குச் சட்டப் பதில். அதைக் குறை சொல்ல நான் வக்கீல் இல்லை. ஆனால் புரோகிராம் எழுதுகிறவன் கண்ணில் ஒன்று படும்: அந்தத் தர்க்கத்தில் குதிரை ஒரு இன்புட். அதன் வேகம் வருகிறது, பரம்பரை வருகிறது, அதன் வலி வருவதில்லை. வழக்கு அதைப் பற்றியதே இல்லை என்பதால் வராதது நியாயம்தான். அநியாயம் அதற்குப் பிறகு நடந்தது. 'சுப்ரீம் கோர்ட்டே சரின்னு சொல்லிடுச்சு' என்று நாம் ஆரம்பித்தோம். பணம் கட்டுவது சூதா என்ற கேள்விக்கு வந்த பதிலை, குதிரையை இப்படி ஓட்டலாமா என்ற கேள்விக்கும் பதிலாக எடுத்துக்கொண்டோம்.

அடுத்தது 2014 மே, ஜல்லிக்கட்டைத் தடை செய்த நாகராஜா தீர்ப்பு. விலங்குகளின் கண்ணியத்தைப் பற்றி நம் நாட்டில் எழுதப்பட்டவற்றில் முக்கியமானது, சந்தேகமே இல்லை. அதில் குதிரை வருகிறது, ஆனால் எதற்கு வருகிறது தெரியுமா? காளை ஓடுவதற்கான உடல் இல்லை என்று காட்ட. காளைக்குப் பிளவுபட்ட குளம்பு, குதிரைக்கு ஒற்றைக் குளம்பு. என்ஜின் சக்தியைக்கூட குதிரைத்திறன் என்றுதானே அளக்கிறோம், நொடிக்கு 550 அடி-பவுண்டு. ஆகவே குதிரை மாதிரி காளை வித்தை காட்டும் விலங்கு அல்ல என்று வாதம் போகிறது.

மெக்கானிக்கல் படித்த யாரும் இங்கே ஒரு நிமிஷம் நிற்பார்கள். குதிரைத்திறன் ஜேம்ஸ் வாட் தன் நீராவி இயந்திரத்தை விற்கப் பிரபலமாக்கிய அளவு. செக்கு மாதிரி சுற்றிச் சுற்றி ஆலையை இழுத்த குதிரைகளை வைத்துப் போட்ட கணக்கு. அந்த வேலையிலிருந்து குதிரையை விடுவிக்கும் இயந்திரத்துக்கு வைத்த அளவுகோலை, குதிரை ஓட்டத்துக்கென்றே பிறந்தது என்பதற்குச் சாட்சியாக வைப்பது சரியாக ஒட்டவில்லை. 2017இல் தமிழக அரசு சட்டம் திருத்தியது, 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. காளையின் வழக்கு முடிந்தது. குதிரையின் வழக்கு ஆரம்பிக்கவே இல்லை.

சரி, 'குதிரை ஓடத்தானே பிறந்தது' என்ற வாதத்துக்கு வருவோம். பந்தயத்தில் ஓடுவது தரோபிரெட் என்ற இனம். இங்கிலாந்தில் மனிதர்கள் உருவாக்கியது. இன்றுள்ள எல்லா தரோபிரெட்டுக்கும் தகப்பன் வழியைப் பிடித்துக்கொண்டே போனால் மூன்று ஆண் குதிரைகளில் ஒன்றில் போய் நிற்கும்: பையர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்ஃபின் அரேபியன். அதாவது ஓடுவதற்காக இயற்கை படைத்தது என்று சொல்ல முடியாது, ஓடுவதற்காக நாம் தேர்ந்தெடுத்து இனம் சேர்த்தது. நாம் செய்த ஒன்றுக்கு இயற்கையைச் சாட்சிக்குக் கூப்பிடக்கூடாது.

குதிரைக்கு ஓட்டம் பிடிக்கும், உண்மை. அதே குதிரைக்கு நாள் முழுக்க மேய்வதும், கூட்டமாக இருப்பதும் பிடிக்கும். அதன் வயிறு சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் அது நிறுத்தாமல் மேயும் பிராணி. பந்தயக் குதிரையோ பெரும்பாலான நேரம் லாயத்தில் தனியாக நிற்கும், தானியத் தீவனம் சாப்பிடும், கடுமையான பயிற்சி செய்யும். பயிற்சியில் இருக்கும் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றுப் புண் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முழு வேகத்தில் ஓடும்போது நுரையீரலில் ரத்தம் கசிவதும் சர்வ சாதாரணம். இதெல்லாம் ஓடுவதால் வரும் பிரச்சினை இல்லை, நாம் ஓட்டும் முறையால் வருவது.

கால் உடைந்தால் ஏன் கொன்றுவிடுகிறார்கள் என்று பலர் கேட்பார்கள். முட்டிக்குக் கீழே குதிரைக்குத் தசையே கிடையாது; எலும்பு, நரம்பு, தோல், அவ்வளவுதான். 450, 500 கிலோ உடம்பு அதன்மேல் நிற்கிறது. மாதக்கணக்கில் படுக்கவைக்க முடியாது. ஒரு காலைக் காப்பாற்றினால் எடை மற்ற கால்களுக்குப் போய், குளம்புக்குள் எலும்பைப் பிடித்திருக்கும் திசு கழன்றுபோகும். 2006இல் கென்டக்கி டெர்பி ஜெயித்த பார்பரோ, இரண்டே வாரத்தில் அடுத்த பந்தயத்தில் காலை உடைத்துக்கொண்டது. பணத்துக்கும் வைத்தியத்துக்கும் குறைவில்லை. எட்டு மாதம் போராடியும் 2007 ஜனவரியில் கருணைக்கொலைதான் முடிவு.

இங்கே நான் திருத்திக்கொண்ட ஒரு கருத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வயதில் பந்தயத்துக்கு விடுவதே கொடுமை, எலும்பு முற்றியிருக்காது என்று நம்பியிருந்தேன். தேடிப் படித்தால், சின்ன வயதில் அளவான பயிற்சி எலும்பை வலுப்படுத்தும் என்றும், இரண்டு வயதில் ஆரம்பித்த குதிரைகள் அதிக காலம் ஓடுகின்றன என்றும் ஆய்வுகள் இருக்கின்றன. ஆக அந்த வாதத்தை விட்டுவிட்டேன். அதேபோல உரிமையாளர்கள் எல்லாம் ஈவிரக்கம் இல்லாதவர்கள் என்பதும் பொய். நம்மில் பலரைவிட நன்றாகக் கவனிக்கப்படும் குதிரைகள் உண்டு. அந்தக் கவனிப்பு, குதிரை ஜெயிப்பதை நிறுத்திய பிறகும் தொடர்கிறதா என்பதுதான் கேள்வி.

இப்போது எண்கள். அமெரிக்காவில் பந்தயத்தில் அடிபட்டு 72 மணி நேரத்துக்குள் இறக்கும் குதிரைகளை 2009லிருந்து கணக்கெடுக்கிறார்கள். அந்த வருஷம் 1000 ஓட்டத்துக்கு 2.00 இறப்பு. 2023இல் 1.32. புதிய தேசிய விதிகளுக்குள் வரும் மைதானங்களில் 2024இல் 0.90. சின்ன எண்ணாகத் தெரிகிறதா? ஒரு குதிரை வாழ்நாளில் 30 பந்தயம் ஓடுகிறது என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். 2.00 என்றால் 100 குதிரையில் கிட்டத்தட்ட 6 மைதானத்தில் சாகும். 0.90 என்றால் 3. எல்லாக் குதிரைக்கும் ஒரே ஆபத்து என்று வைத்துக்கொண்ட தோராயக் கணக்குதான். பயிற்சியில் சாவது இதில் சேராது.

இந்த எண்ணில் இரண்டு செய்தி இருக்கிறது. 100க்கு 3 என்பதை எந்த வேலையிலும் நாம் சாதாரணம் என்று ஏற்க மாட்டோம். இன்னொன்று, பாதிக்கு மேல் குறைக்க முடிந்திருக்கிறது என்றால், அத்தனை வருஷமும் 'விபத்து, என்ன பண்றது' என்று சொன்னது பொய். தரையைச் சோதித்தார்கள், பந்தயத்துக்கு முன் கால்நடை மருத்துவர் பார்த்தார், மருந்துக் கட்டுப்பாடு வந்தது, இறந்த குதிரையை அறுத்துப் பார்த்துக் காரணம் எழுதினார்கள். எண்ணிப் பார்த்ததால் குறைந்தது. பக் லிஸ்ட் இல்லாமல் பக் குறையாது.

சாட்டையும் அப்படித்தான். குதிரைத் தோல் தடிமன், வலிக்காது என்பார்கள். 2020இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குதிரைத் தோலையும் மனிதத் தோலையும் ஒப்பிட்டு, வலியை உணரும் நரம்புகளின் அடர்த்தியில் பெரிய வித்தியாசம் இல்லை என்று காட்டினார்கள். நார்வே 1982லேயே வேகத்துக்காக அடிப்பதை நிறுத்தியது. அங்கே பந்தயம் நின்றுபோகவில்லை.

2024 செப்டம்பரில் கிண்டி மறுபடி செய்தியில் வந்தது. குத்தகை ரத்து, பல நூறு கோடி வாடகை பாக்கி, 160 ஏக்கர், வெள்ளநீர் பிடிக்கக் குளம். அடுத்த மாதமே சிங்கப்பூர் கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. அங்கேயும் காரணம் நிலம், வீடு கட்ட இடம் வேண்டும். 1974இல் பர்ஸ், 1996இல் திறமை, 2014இல் காளை, 2024இல் நிலம். ஐம்பது வருஷம், ஒரு தடவைகூடக் குதிரை இல்லை.

பந்தயத்தை நாளைக்கே மூடு என்று நான் சொல்ல வரவில்லை. மூடினால் அந்தக் குதிரைகள் எங்கே போகும் என்பதற்கும் பதில் வேண்டும். நடத்துகிறவர்கள் மூன்று கணக்கைக் காட்டட்டும்: 1000 ஓட்டத்துக்கு எத்தனை இறப்பு, ஒரு பந்தயத்தில் எத்தனை சாட்டையடி, ஓய்வுபெற்ற ஒவ்வொரு குதிரையும் இப்போது எங்கே இருக்கிறது. பரம்பரையை முன்னூறு வருஷத்துக்குப் பின்னால் வரை எழுதி வைத்திருப்பவர்களுக்கு, ஓடி முடித்த பிறகு பத்து வருஷம் எழுதுவது கஷ்டமான வேலை இல்லை.

அதுவரைக்கும் "கிண்டியில ஓடலையா?" என்று நான் யாரிடமும் கேட்பதாக இல்லை. கேட்டால், காளைக்காகக் கேட்காமல் குதிரைக்காகக் கேட்க வேண்டும்.