வாக்கில்லாதவர்களின் பாக்கி

திருவான்மியூரில் 1997இல் ஒற்றைக் கடையாகத் தொடங்கிய சுபிக்‌ஷா, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளாகப் பெருகி, 2009இல் காசில்லாமல் முடங்கியது. அடையாறு, மயிலாப்பூர் பக்கம் பல வீடுகளுக்கு மாதச் சாமான் போட்ட கடை அது. கடனைச் சீரமைக்க வங்கிகள் கூடிப் பேசின. பேச்சு ஒரு முடிவுக்கு வருவதற்குள் கடைகள் காலியாகி, ஊழியர்கள் சம்பள பாக்கியோடு கலைந்துபோனார்கள். நொடிக்கும் தொழிலுக்கு முதலில் வேண்டியது கொஞ்சம் அவகாசம். அதைக் கொடுக்க அன்று ஒழுங்கான ஏற்பாடு இல்லை.

2016இல் வந்த திவால் சட்டம் அந்த அவகாசத்தைக் கொடுத்தது. தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் மனுவை ஏற்றுவிட்டால், நிறுவனத்தின் மேல் வழக்கு, ஜப்தி எல்லாம் நிற்கும். இயக்குநர் குழுவின் அதிகாரம் தீர்ப்பாயம் அமர்த்தும் நிபுணரிடம் போகும். கடன் கொடுத்த வங்கிகளின் குழு 66 விழுக்காடு வாக்கில் அடுத்த உரிமையாளரைத் தேர்ந்தெடுக்கும். அமெரிக்கத் திவால் சட்டத்தின் 11ஆம் அத்தியாயம் பெரும்பாலும் பழைய நிர்வாகத்தையே தொடர விடுகிறது. இங்கே அப்படியில்லை. கடனை வாராக்கடனாக்கிய முதலாளி, தள்ளுபடி விலையில் அதே நிறுவனத்தைத் திரும்ப வாங்கும் வழியையும் 2017 நவம்பரில் அடைத்தார்கள். இந்தச் சட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் பிரிவு அதுதான்.

நுங்கம்பாக்கத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஆர்க்கிட் பார்மாவின் கதையில் சட்டத்தின் பலமும் பலவீனமும் சேர்ந்தே தெரிகின்றன. லட்சுமி விலாஸ் வங்கியின் மனு 2017 ஆகஸ்டில் ஏற்கப்பட்டது. கடன் 3,000 கோடி ரூபாய்க்கு மேல். முதலில் தேர்வான இன்ஜென் கேப்பிட்டல் பணத்தைக் கொண்டுவரவில்லை. அடுத்து வந்த தனுக்கா லேபரட்டரீஸ் சுமார் 1,116 கோடி தருவதாகச் சொன்னது. கலைத்து விற்றால் வரும் தொகையைவிட இது குறைவு என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தனுக்காவின் திட்டத்தை நிலைநிறுத்தியது. 270 நாளில் முடிய வேண்டியது இரண்டரை ஆண்டு இழுத்தது. ஆனாலும் ஆலத்தூர் ஆலை கைவிடப்படவில்லை. உயிரோடிருக்கும் மருந்து ஆலையை உடைத்து இரும்பாக விற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆர்க்கிட் பங்கு 2020 நவம்பரில் 18 ரூபாயில் மீண்டும் பட்டியலாகிச் சில மாதங்களில் 2,000 ரூபாயைத் தாண்டியதைக் காட்டி, ‘வங்கிகள் ஏமாந்துவிட்டன’ என்றார்கள். அவசரமான முடிவு அது. 98 விழுக்காடு பங்குகள் புதிய உரிமையாளரிடம் இருக்க, சந்தையில் புரண்டது சொற்பம். அந்த விலையை வைத்து நிறுவனத்தின் மதிப்பைக் கணக்கிட முடியாது.

என் கவலை வேறு இடத்தில். தி. நகர் ஜவுளிக் கடை ஒன்றுக்குப் பையும் அட்டைப்பெட்டியும் சப்ளை செய்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். சரக்குப் போவது 60 நாள், 90 நாள் கடனுக்கு. பில் போட்ட அடுத்த மாதமே ஜி.எஸ்.டி.யைத் தன் கைக்காசில் கட்டிவிடுகிறார். பணம் வராவிட்டாலும் அந்த வரி திரும்பாது. கடை திவாலானால், செய்தித்தாள் அறிவிப்பைப் பார்த்து ‘பாரம் பி’யை நிரப்பி, பில், டெலிவரி சலான், பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் இணைத்து அனுப்ப வேண்டும். கோரிக்கை ஏற்கப்பட்டாலும் வங்கிகளின் குழுவில் அவருக்கு வாக்கு இல்லை. இப்படிப்பட்டவர்களின் மொத்த பாக்கி, கடனில் பத்து விழுக்காட்டை எட்டினால்தான் கூட்டத்தில் உட்காரவே இடம். சட்டம் அவருக்கு உறுதியளிக்கும் குறைந்தபட்சம், நிறுவனத்தைக் கலைத்து விற்றாலோ, திட்டத்தின் தொகையைப் பிரித்தாலோ, சட்டத்தின் வரிசைப்படி அவருக்கு வரக்கூடிய தொகையில் பெரியது. சொத்தை அடமானம் பிடித்த வங்கிக்கே முழுசாகத் தேறாதபோது, அந்த வரிசையில் வெகு பின்னால் நிற்பவருக்கு வருவது பெரும்பாலும் பூஜ்யம்.

நிறுவனம் தேறுமா என்று எடைபோடும் திறன் வங்கிகளுக்குத்தான் உண்டு என்று 2019இல் ஸ்விஸ் ரிப்பன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வங்கிக்கும் சப்ளையருக்கும் இடையிலான இந்த வேறுபாட்டை ஏற்றது. நூற்றுக்கணக்கான சில்லறை பாக்கிக்காரர்களுக்கு வாக்கு கொடுத்தால் எந்தத் திட்டமும் நகராது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாக்கு இல்லை என்பதால் பணமும் இல்லை என்றாக வேண்டியதில்லை. வங்கி வட்டி வாங்கியது, அடமானம் வாங்கியது. பெட்டிக்காரர் வாங்கியது ஒரு சலானில் கையெழுத்து மட்டுமே. புதிய உரிமையாளர் கடையைத் தொடர்ந்து நடத்தவும் இவரைப் போன்றவர்களின் சரக்குதான் வேண்டும். சிறு தொழில்களின் பாக்கியில் இத்தனை விழுக்காடு கட்டாயம் தர வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதவைக்கலாம்.

இதைவிடப் பெரிய தடை வாசலிலேயே இருக்கிறது. திவால் மனுப் போடத் தேவையான குறைந்தபட்ச பாக்கி ஒரு லட்சமாக இருந்தது. கொரோனா முடக்கத்தின்போது, 2020 மார்ச்சில், சிறு நிறுவனங்களைக் காப்பதற்காக ஒரு கோடியாக உயர்த்தினார்கள். முடக்கம் எப்போதோ முடிந்துவிட்டது. 40 லட்சம் பாக்கியோடு அலையும் சப்ளையருக்கு வரம்பு மட்டும் இறங்கவில்லை. அதைக் குறைக்க நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. ஏற்றியதைப் போலவே, மத்திய அரசின் ஓர் அறிவிக்கையே போதும்.