பூட் ஆகாத லினக்ஸைப் போல ஒரு சுகம் உண்டா!

சொன்னால் சிரிப்பீர்கள். புது லேப்டாப்பில் லினக்ஸ் பூட் ஆகாமல் அடம்பிடித்த ராத்திரிதான் இந்த வருடம் நான் ரசித்து ரசித்துக் கழித்த ராத்திரி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் செகண்ட் ஷிஃப்ட் முடித்து வந்தவனுக்கு விடியும்வரை தூக்கமே வரவில்லை.

விண்டோஸ் 11 இருந்த டிஸ்கில் கொஞ்சம் இடம் ஒதுக்கி டெபியன் போட்டாயிற்று. ரீஸ்டார்ட் செய்தால் எந்த ஓஎஸ் வேண்டும் என்று கேட்கும் கிரப் மெனுவைக் காணோம், நேராக விண்டோஸ். மறுபடி ரீஸ்டார்ட், மறுபடி விண்டோஸ். "ஃபார்மட் அடிச்சிட்டு முதல்லேர்ந்து போடுடா" என்றான் ரூம்மேட். எதற்கு? எந்தப் படியில் நிற்கிறோம் என்று லினக்ஸே சொல்லுமே, கேட்கத் தெரிந்தால் போதாதா!

படிகளும் அதிகமில்லை. பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டில் இருக்கும் யூஇஎஃப்ஐ விழிக்கிறது. தன் நினைவில் உள்ள பூட் பட்டியலைப் பார்த்து, டிஸ்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் இருக்கும் கோப்பைத் திறக்கிறது. அது கிரப்பை எழுப்ப, கிரப் கெர்னலை எழுப்ப, மீதியை சிஸ்டம்-டி பார்த்துக்கொள்கிறது. மெனுவே வரவில்லை என்றால் கோளாறு கிரப்புக்கு முன்னாலேயே. மெனு வந்து, அதன்பின் திரை கறுத்தால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர். மெனுவில் 'இ' விசையை அழுத்தி, கெர்னல் வரியில் 'நோமோட்செட்' சேர்த்துப் பார்க்கலாம். பாதி துப்பறிதல் இங்கேயே முடிந்துவிடுகிறது, பாருங்கள்!

லைவ் பென்டிரைவில் ஏறி எஃபிபூட்எம்ஜிஆர் கட்டளையைத் தட்டினேன். பட்டியலில் டெபியன் பெயரே இல்லை. சேர்த்தேன். ரீஸ்டார்ட் செய்ததும் மறுபடி மாயம்! ஆனால் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் டெபியனின் கோப்புகள் பத்திரமாக இருந்தன. வீடு இருக்கிறது, தபால்காரருக்கு விலாசம்தான் நிற்கவில்லை. அடடா, அந்தக் கணம்!

இப்படி மறதி பிடித்த மதர்போர்டுகளுக்காகவே யூஇஎஃப்ஐ விதிகளில் ஒரு பொது விலாசம் உண்டு. பட்டியலில் எதுவும் இல்லாவிட்டாலும் 'பூட்' ஃபோல்டரில் பூட்எக்ஸ்64 என்ற கோப்பு இருக்கிறதா என்று யூஇஎஃப்ஐ தேடும். டெபியன்காரர்கள் இதையும் யோசித்து, கிரப்பை அங்கேயும் ஒரு பிரதி வைக்க கிரப்-இன்ஸ்டாலில் தனி வசதியே வைத்திருக்கிறார்கள். லைவ் சிஸ்டத்திலிருந்தே சிஹெச்-ரூட் போட்டு டிஸ்கில் இருக்கும் டெபியனுக்குள் நுழைந்து, ஒரே வரி. பயாஸில் 'யூஇஎஃப்ஐ ஓஎஸ்' என்று புதிதாக முளைத்ததை மேலே ஏற்றினேன். வந்தது கிரப்! ரூம்மேட் எழுந்து உட்காரும் அளவுக்குக் கத்திவிட்டேன்.

இந்த முறை மெனுவில் விண்டோஸைக் காணோம். 2021இல் வந்த கிரப் 2.06 முதல், பாதுகாப்பு கருதி, மற்ற ஓஎஸ்களைத் தேடும் ஓஎஸ்-புரோபரை அணைத்தே வைக்கிறார்கள். அமைப்புக் கோப்பில் ஒரு வரி மாற்றி அப்டேட்-கிரப் கொடுத்தால் அதுவும் வந்துவிடும். இன்னொரு வகைச் சிக்கலும் உண்டு: 2024 ஆகஸ்டில் ஒரு விண்டோஸ் அப்டேட், செக்யூர் பூட் சோதனையில் பல டூயல் பூட் கம்ப்யூட்டர்களின் லினக்ஸை நிறுத்திவிட்டது. செக்யூர் பூட்டை அணைத்து, லினக்ஸுக்குள் போய், மோக்யூட்டில் கட்டளையில் ஒரு வரி தட்டிவிட்டுத் திரும்பப் போடவேண்டியதுதான். எனக்கு அது வாய்க்கவில்லையே என்று இப்போதும் பொறாமை.

டூயல் பூட் நம் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் புதிதா என்ன? 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில்தான் அன்றைய முதல்வர் ஜெயலலிதா மாணவர்களுக்கான விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் உருவாக்கியது, அதுவும் டெபியன் வழி வந்தது. பாஸை அழித்து அந்த இடத்தில் விஜய் படங்களை நிரப்பியவர்களை எனக்குத் தெரியும். போகட்டும். கிரப் மெனுவில் அம்புக்குறியைத் தட்டிப் பழகிய பிள்ளைகளும் இருந்தார்கள்தானே! இதையெல்லாம் தமிழிலேயே படித்துச் செய்ய 'கணியம்' இணையதளம் இருக்கிறது.

நீங்களும் போடுங்கள். டிஸ்கைத் தொடுவதற்கு முன் பிட்லாக்கர் மீட்புச் சாவியைத் தனியாக எழுதி வையுங்கள், விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணையுங்கள். மாட்டிக்கொண்டால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு ரயில் ஏறுங்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வீக்லி ஆஃப். ஃபார்மட் மட்டும் அடித்துவிட்டு வராதீர்கள்!