பனியன் ஊருக்கு எந்த வரைபடம்?

திருப்பூரின் குறுக்குத் தெருக்களில் ஒரே கட்டடத்துக்குள் இரண்டு ஊர் இருக்கும். கீழ்த்தளத்தில் ஓவர்லாக் மெஷின்கள் ஓடும், மாடியில் குடித்தனம். பின்பக்க ஷெட்டில் செக்கிங், அயர்னிங். வாசலில் துணி ரோல் இறக்கும் டெம்போ. இந்த இடம் குடியிருப்பா, தொழிற்சாலையா? முழுமைத் திட்டம் எனப்படும் மாஸ்டர் பிளானைத் திருத்த உட்காரும் அதிகாரிகள் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான்.

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஓர் உபயோகம் குறிக்கப்படுகிறது: குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதை மறுஆய்வு செய்யவும் சட்டம் இடம் தருகிறது. நடப்போ வேறு. பக்கத்துக் கோவையில் 1994இல் ஒப்புதலான திட்டத்துக்கு மாற்று வரைவு 2024 பிப்ரவரியில்தான் மக்கள் பார்வைக்கு வந்தது. அந்த இடைவெளியில் திருப்பூர் 2008இல் மாநகராட்சியானது. 2009இல் மாவட்டத் தலைநகரானது. 2011இல் வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளையும் எட்டு ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு ஏறக்குறைய 160 சதுர கிலோமீட்டராக விரிந்தது. இத்தனை வேகத்தில் மாறும் ஊரின் திட்டத்தைத் திருத்தாமல் வைத்திருப்பதுதான் பெரிய தவறு. ஆனால் திருத்தும் முறையிலும் சிக்கல் உண்டு.

உபயோகம் பிரித்து வைப்பதற்கு வலுவான நியாயம் உண்டு. நொய்யல் ஆறே அதற்குச் சாட்சி. சாயப்பட்டறைகள் ஓடைக்கரைகளிலும் வீடுகளுக்கு நடுவிலும் பெருகின. அவற்றின் கழிவு, பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது. கீழ்ப்பகுதி விவசாயிகள் கிணற்றையும் நிலத்தையும் இழந்தார்கள். கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே, ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத சுத்திகரிப்பு கண்டிப்பாக அமலானது. எந்தத் தொழில் எந்த நீரோட்டத்தின் அருகே வரக் கூடாது என்று வரைபடம் முன்பே உறுதியாகச் சொல்லியிருந்தால், அந்தச் சுமையில் பெரும்பகுதி நீதிமன்றம் வரை போயிருக்காது.

ஆனால் சாயத்துக்குப் பொருந்தும் நியாயம் தையலுக்குப் பொருந்தாது. இந்த ஊரின் பலமே நெருக்கம்தான். நிட்டிங் ஒருவர், பிரிண்டிங் இன்னொருவர், காஜா பட்டன் மூன்றாமவர் என்று ஜாப் ஒர்க்கில் சுற்றி வரும் துணி, நடந்து போகும் தூரத்தில் அடுத்த கை மாறுகிறது. தொழிலாளியாக நுழைந்தவர் நாலு மெஷின் வாங்கி முதலாளியானதை ஆய்வாளர் சரத் சாரி 2004இல் வெளிவந்த நூலில் விரிவாகப் பதிவு செய்தார். வாடகைக்குப் பிடித்த அந்த நாலு மெஷின் இடத்தைத் ‘தொழில் மண்டலம்’ என்று ஊருக்கு வெளியே தள்ளினால், பெரிய ஏற்றுமதியாளர் போய்விடுவார். சின்னவர் போக முடியாது. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்கு நடந்து வரும் பெண்ணும் போக முடியாது. ஜப்பானில் வீடும் இலகுத் தொழிலும் கலந்திருக்கவே தனி மண்டலம் வைத்திருக்கிறார்கள். இங்கும் தொழிலின் பெயரைப் பார்க்காமல் அது வெளியேற்றும் நீர், புகை, சத்தம், அது இழுத்து வரும் வண்டி ஆகியவற்றை அளந்து மண்டலம் வகுப்பதே சரி. அப்படிக் கலக்க அனுமதித்தால் தீயணைப்பு வண்டி நுழையும் அகலத்தையும் சேர்த்தே வற்புறுத்த வேண்டும்.

அடுத்த குறை, துண்டு துண்டாகத் திருத்துவது. நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு வரும்: இன்ன கிராமம், புல எண் இன்னது, இத்தனை ஹெக்டேர் விவசாய உபயோகத்திலிருந்து தொழில் உபயோகமாக மாற்றப்பட உள்ளது, ஆட்சேபணை இருந்தால் எழுதவும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமாகவே தெரியும். நூறு சேர்ந்தால் தோட்டங்களுக்கு நடுவே சாக்கடையும் அகலச் சாலையும் இல்லாத ஒரு தொழில்பேட்டை தானாக முளைத்திருக்கும். மனைப்பிரிவுகளிலும் இதே கதைதான். 2016இல் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்கு உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. சைட்டுக்கு அப்ரூவல் கிடைத்தது. புரமோட்டர் விட்ட சந்து மட்டும் அகலமாகவில்லை.

மூன்றாவது, பொதுத் தேவைக்கு ஒதுக்கிய நிலம் கைக்கு வராதது. பூங்காவுக்கோ இணைப்புச் சாலைக்கோ ஒதுக்கிய இடத்தை மூன்றாண்டுக்குள் கையகப்படுத்தும் நடவடிக்கையோ பேசி வாங்குவதோ நடக்கவில்லையானால், சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி ஒதுக்கீடு தானாக விடுபடும். நில உரிமையாளரைக் காலமெல்லாம் கட்டிப்போடாத இந்தப் பிரிவு நியாயமானதே. பணம் ஒதுக்காமல் வரைபடத்தில் நிறம் மட்டும் பூசும் பழக்கமே குற்றவாளி. அகமதாபாத் போன்ற குஜராத் நகரங்களில் உரிமையாளர்களின் நிலத்தை ஒன்றாகச் சேர்த்து, சாலைக்கும் பொது இடத்துக்கும் பங்கு எடுத்துக்கொண்டு, மீதியை ஒழுங்கான மனைகளாகத் திருப்பித் தருகிறார்கள். தமிழ்நாட்டிலும் நிலத் திரட்டுக்குச் சட்டவழி உண்டு. திருப்பூரின் விளிம்பு ஊர்களில் செய்து பார்க்க ஏற்ற முறை இது.

குப்பைக்கு இடம் குறிக்காத திட்டம் என்ன ஆகும் என்பதை 2025இல் ஊரே பார்த்தது. கைவிட்ட பாறைக்குழிகளில் மாநகராட்சி குப்பை கொட்டியபோது முதலிபாளையம், இடுவாய் மக்கள் தெருவுக்கு வந்தார்கள்.

ஆக, திருத்தம் தேவை. இன்றைய முறையில் அது, ஏற்கெனவே நடந்துவிட்ட மாற்றங்களுக்கு ஒப்புதல் முத்திரையாகவே முடிகிறது. ஐந்தாண்டு மறுஆய்வைக் கட்டாயமாக்குவதும், கேடு அளந்து மண்டலம் வகுப்பதும், நிலத்தோடு பணத்தையும் ஒதுக்குவதும் இல்லாமல் புதிய வரைபடத்தால் பயனில்லை. ஆட்சேபணைக்கு இரண்டு மாத அவகாசம் சட்டப்படி உண்டு. வரைவு வரும் நாளில் உங்கள் வீட்டின், கம்பெனியின், பக்கத்து ஓடையின் புல எண்ணை அதில் தேடிப் பாருங்கள். தவறிருந்தால் எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.