நடுவில் நிற்கும் முள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரம் வரும்போதே டாஷ்போர்டு முள் நடுவுக்கு வந்துடும். "வண்டி சூடாயிடுச்சு"ன்னு மிதிக்க ஆரம்பிச்சுடுவோம்.

என் குறை அந்த முள் மேலதான். அது காட்டுவது கூலன்ட்டின் சூட்டை. ஆயிலின் சூட்டை அல்ல. ஆயில் மெதுவாகத்தான் சூடேறும். சுமார் 90 முதல் 110 டிகிரி செல்சியஸ் அதற்கு உகந்தது. குறைந்தால் கெட்டியாக இருக்கும், ஈரமும் தங்கும். மிகவும் கூடினால் நீர்த்துப்போய், பேரிங்குகளைக் காக்கும் படலம் மெலியும்.

இதில் இன்னொன்று: பல கார்களில் கூலன்ட் சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் முள் அசையாதபடி அமைத்திருக்கிறார்கள். ஓட்டுபவர் பதறக் கூடாதாம்! பதறாமலிருக்க உண்மையை மறைப்பது நல்ல வடிவமைப்பா? எனக்கு அப்படித் தோணலை. முதல் சில வளைவுகள் வரை கியரைக் குறைத்து, மிதிக்காமத்தான் ஏறுறேன்.