முகம் வெளுத்தால் அபிநயம் போச்சு

நாட்டிய விழாக்களில் படமெடுப்பவர்கள் சபா மேடையின் இருட்டைத்தான் குறை சொல்வார்கள். ஆனால் கேமரா கோட்டை விடுவது பெரும்பாலும் வெளிச்சத்தில்தான்.

கறுப்புத் திரை, நடுவில் ஒருவர் ஆடுகிறார், அவர்மேல் ஃபாலோ ஸ்பாட். பரப்பில் முக்கால்வாசி கறுப்பு. தானியங்கி மீட்டர் அந்தக் கறுப்பையும் சாம்பலாக்கப் பார்த்து, தேவைக்கு மேல் ஒளியை உள்ளே விடும். ஒப்பனை பூசிய முகம் சுண்ணாம்படித்த சுவராகிவிடும். கண் மையும் பொட்டும் தப்பும். பதத்தில் நாயகியின் ஊடல் கன்னத்தில் நெளிந்ததே, அது போயே போய்விடும்.

இதற்கு அலாரிப்புதான் நல்ல சந்தர்ப்பம். ஆடுபவர் மேடை நடுவில் நிற்பார், விளக்கும் அதிகம் மாறாது. ஸ்பாட் மீட்டரால் முகத்தை மட்டும் அளந்து, மேனுவலில் பூட்டிவிடலாம். எஃப் 2.8, 1/250 நொடி, ஐ.எஸ்.ஓ. 1600 என்று தொடங்கி ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். நெற்றிச்சுட்டியும் ஒட்டியாணமும் பளீரென்று வெடித்தால் வெடிக்கட்டும். நகையைக் காப்பாற்றப்போய் முகத்தை இருட்டாக்கிய படங்களை நிறையவே பார்த்தாகிவிட்டது.

ஜதிக்கு 1/500 வேண்டும் என்பார்கள். தாளம் தெரிந்தவருக்கு அவ்வளவு தேவையில்லை. தீர்மானத்தில் மூன்றாவது ‘ததிங்கிணதொம்’ முடியும் இடத்தில் உடம்பு ஒரு கணம் சிலையாகும். அங்கே 1/160கூடப் போதும்.

உண்மையான தலைவலி எல்.இ.டி. விளக்கு. கண்ணன் வந்தால் நீலம், மகிஷன் வந்தால் சிவப்பு என்ற வழக்கத்தை யார் தொடங்கினார்களோ! அடர்நீல ஒளியில் சென்சாரின் நீலச் சேனல் மட்டும் நிரம்பி வழியும். மொத்த ஹிஸ்டோகிராம் சாதுவாகத் தெரியும். முகமோ பிளாஸ்டிக் பொம்மை. மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, ஒரு ஸ்டாப் குறைத்து எடுக்க வேண்டும். நிரம்பிவிட்ட சேனலை ரா ஃபைலாலும் முழுதாக மீட்க முடியாது. சிவப்பு விளக்கில் அரக்குப் பட்டின் விசிறி மடிப்புகளுக்கும் இதே கதிதான். இப்படிப்பட்ட படங்களைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுவது இப்போது ஃபேஷன். அவற்றில் பாதி, வண்ணம் தேறாமல் போனவை.

மங்கலாக்கிய எல்.இ.டி. விளக்குகள் பல, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிபவை. சைலன்ட் ஷட்டர் வரிவரியாகப் படிப்பதால் படத்தில் பட்டைகள் விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறினால் பெரும்பாலும் குறையும், ஆனால் பதத்தின் நடுவே ‘டக் டக்’ சத்தத்துக்கு முன்வரிசை ரசிகர்கள் திரும்பி முறைப்பார்கள். முறைப்பது நியாயம்தான். 2023-இல் அறிமுகமான சோனி ஏ9 III, முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் படிக்கும் சென்சாரால் பட்டைகளை ஒழித்துவிட்டது, விலைதான் லட்சக்கணக்கில்.

காசில்லாத வழி ஒன்று உண்டு. வர்ணத்துக்கு எங்கே நீலம், எங்கே வெள்ளை என்று லைட் போடுபவரிடம் முன்கூட்டியே கேட்டால் சொல்லிவிடுவார். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.